அடிவரிசைக் கீரை

எங்களுக்கு இருந்தது இரண்டரை பேர்ச் காணி. வீடு போக மிஞ்சிய இடத்தில் ஒரு ஆள் குந்தியிருந்து மீன் வெட்டலாம். இரண்டாவது ஆள் வந்தால் முதலாவது ஆள் எழும்ப வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கரையில் எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் இதே கதிதான். பக்கத்து வீட்டில் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். ஆனால் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று எங்களிடம் இருந்தது. ஒரு களஞ்சியக் கட்டடத்தின் பின்சுவர், பன்னிரண்டு அடி உயரம், யன்னல் இல்லாமல் மொட்டையாக எங்கள் முற்றத்தைப் பார்த்து நின்றது. காலை வெயில் முழுவதும் அதில்தான் விழும்.

நாடு கடனில் குப்புற விழுந்த அந்த வருஷம், சந்தையில் ஒரு பிடி பொன்னாங்காணி வாங்குவதற்கே யோசிக்க வேண்டியிருந்தது. விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஒழுங்கைக்கு வந்து எங்களைக் கூட்டிவைத்துப் பேசினார்.

"காணி இல்லையெண்டு ஆரும் சொல்லப்படா. சுவர் இரிக்குதானே? கீரைக்கு வளவு தேவையில்ல. ஒரு கை மண்ணும் தண்ணியும் வெளிச்சமும் போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்று பின்னேரமே பிளாஸ்டிக் போத்தல்களை வெட்டிக் கயிற்றில் கோர்த்துச் சுவரில் தொங்கவிட்டேன். நாலைந்து மாதத்தில் போத்தல்கள் வெயிலில் காய்ந்து நொறுங்கி, மண்ணும் கீரையுமாகக் கீழே விழுந்தன. அப்போதுதான் என் புருஷன் ஜொய்சன் பற்றரிப் பெட்டிகளைக் காட்டினான்.

ஜொய்சன் வாவியில் வீச்சுவலை வீசுகிறவன். கூடவே வலைக்கு ஈய மணி வார்ப்பவன். வலையின் விளிம்பில் கோர்க்கும் அந்தச் சின்ன மணிகள் இல்லாவிட்டால் வலை தண்ணீரில் தாழாது, மீன் தன் பாட்டுக்குப் போய்விடும். மாங்கேணியிலிருந்துகூட ஆட்கள் வந்து அவனிடம் மணி வாங்குவார்கள். கராஜ்களில் செத்துக் கிடக்கும் வாகனப் பற்றரிகளைச் சேர்த்துக்கொண்டு வருவான். மேல்மூடியை அறுத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை எடுத்து, முற்றத்து மூலையில் மூன்று கல் வைத்து இரும்புச் சட்டியில் உருக்குவான். மிஞ்சுவது கறுப்புப் பெட்டி. வெயிலுக்கும் அசையாது, மழைக்கும் அசையாது. உள்ளே ஆறு அறைகள். ஒவ்வொரு அறையும் ஒரு கீரைச் செடிக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது.

கதை எங்கே போகிறதென்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எனக்குத் தெரிய ஒன்றரை வருஷம் எடுத்தது.

எங்களை அடிமுட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பற்றரிக்குள் இருக்கும் அசிட் பொல்லாதது என்று எங்களுக்குத் தெரியும். ஜொய்சனின் தொடையில் அது தெறித்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஆகவே சவர்க்காரத் தூள் போட்டு மூன்று தண்ணீரில் கழுவினோம். மூன்று நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தோம். கடைசியில் நானே பெட்டியின் உட்பக்கத்தை நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தேன். புளிக்கவில்லை. சரி, சுத்தம் என்றேன்.

அசிட்டுக்கு இவ்வளவு பயந்த நாங்கள் ஈயத்துக்குப் பயப்படவேயில்லை. ஏன் பயப்பட வேண்டும்? வீச்சுவலை வீசுகிறவன் விளிம்பின் ஒரு பக்கத்தைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வீசுவான். ஈய மணி அவன் வாய்க்குள் கிடக்கும். என் மாமனார் நாற்பது வருஷம் அப்படிக் கடித்தவர். எங்கள் வீட்டில் உப்பு, புளி, தேங்காய், ஈயம், எல்லாம் ஒன்றுதான்.

சுவரில் ஆறு வரிசை அடித்தோம். மேல் பெட்டியில் ஊற்றும் தண்ணீர் அடித்துளையால் கசிந்து அடுத்த பெட்டிக்கு இறங்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கு, அப்படியே அடிவரிசை வரைக்கும். ஒரு வாளித் தண்ணீரில் முழுச் சுவரும் குடித்துவிடும். டவுனில் மண்ணுக்கு எங்கே போவது? முற்றத்து மூலையில் கிளறி எடுத்தேன். பழுகாமத்திலிருந்து வந்த காய்ந்த சாணத்தைக் கலந்தேன். இலையில் பூச்சி கண்டால் சாம்பல் தூவுவது எங்கள் பக்கத்து வழக்கம். காஸில் சமைக்கிற வீட்டில் சாம்பல் ஏது? ஜொய்சன் ஈயம் உருக்கும் அடுப்பில்தான் இருந்தது. அதை அள்ளிப் பழைய துணியில் கட்டி, காலையில் பனி காயுமுன் இலைகளின் மேல் உதறுவேன். பூச்சி ஒன்றுகூடக் கிட்ட வரவில்லை. வருமா பின்னே?

கீரை அப்படி வந்தது. வல்லாரை, முளைக்கீரை, பசளி, கங்குன், இரண்டு வரிசை மிளகாய். சுவர் பச்சைச் சேலை உடுத்து நின்றது. போதனாசிரியர் ஆட்களைக் கூட்டிவந்து காட்டினார், என்னைச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். பிரதேச மட்டத்தில் ஒரு சான்றிதழ் கிடைத்தது. அதைச் சட்டம் போட்டு மாதாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். அந்தளவுக்கு எனக்குத் தலைக்கனம்.

எதிர்வீட்டுச் சுலோஜனா படலையில் நின்று கத்துவாள்.

"என்னகா மேர்சி, மனிசர் நிலத்தில பயிர் செய்யிற, நீ சுவரில செய்யிறாய். நாளைக்குக் கூரையில வேளாண்மை வெட்டுவாய் போல!"

"வெட்டுவன். நீ வந்து சூடடிச்சுத் தா" என்பேன்.

பிடி பிடியாகக் கொடுப்பேன். கேட்காதவளுக்கும் கொடுப்பேன். ஒழுங்கை முனையில் இருக்கும் நேசறியில் விதுர்ஷா ரீச்சர் திங்களும் வியாழனும் பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி காய்ச்சுவாள். அம்மாமார் முறை வைத்து இலை கொடுக்க வேண்டும். மற்றவர்களின் முறையையும் நானே எடுத்துக்கொண்டேன். இருபத்தொரு பிள்ளைகளுக்கு என் சுவர் பால் கொடுக்கிறது என்று நினைத்துப் பூரித்துப் போனேன்.

அடிவரிசை என் மகள் டினுஷாவின் உயரத்தில் இருந்தது. அவளுக்கு அப்போது மூன்று வயது. தன் சின்னக் கோப்பையால் அவள்தான் அந்த வரிசைக்குத் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றிவிட்டு வல்லாரை இலையைக் கிள்ளி, கழுவாமல் கொள்ளாமல் வாயில் போட்டுக்கொள்வாள். ஆட்டுக்குட்டி என்று கூப்பிட்டுச் சிரிப்போம். மேலே இருந்து கசியும் தண்ணீர் முழுவதும் வந்து தேங்குவது அந்த வரிசையில்தான். அதனால்தான் அங்கே இலை இவ்வளவு செழிப்பு என்று ஜொய்சனுக்கு நானே விளக்கம் சொன்னேன்.

அந்த மார்கழியில் நேசறிக் கலைவிழா. டினுஷா மேடையில் தனியாக நின்று முழுப் பாட்டையும் பாடினாள். நடுவில் மைக் நின்றுபோனது. அவள் நிற்கவில்லை. ஒழுங்கைச் சனம் முழுவதும் எழுந்து கை தட்டியது. சுலோஜனாதான் முதலில் ஓடிவந்து தூக்கிக் கொஞ்சினாள்.

தை பிறந்த பிறகு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். மூன்று நாலு நாளைக்கு வெளிக்குப் போகமாட்டாள். காரணமில்லாமல் சிணுங்குவாள், தொட்டால் கடிப்பாள். முகம் வெளிறிக்கொண்டே வந்தது. கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். மிட்வைஃப் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"ரெத்தம் குறைவா இரிக்கி. இரும்புச்சத்துப் பாணி தாறன். கீரை நல்லாக் குடுங்க."

"கீரைக்கு எங்கட வீட்டில குறைவில்ல மிஸ்" என்று பெருமையாகச் சொன்னேன்.

அன்றிலிருந்து இரண்டு மடங்கு கொடுத்தேன். காலையில் இலைக்கஞ்சி, பகல் சுண்டல், இரவு பருப்போடு கடைந்த பசளி. வாயை மூடிக்கொண்டால் மூக்கைப் பிடித்து ஊட்டினேன். அடுத்த மாதம் இரத்தம் இன்னும் குறைந்திருந்தது. நான் மூன்று மடங்காக்கினேன். யாராவது ஒரு தாய் தன் பிள்ளைக்குக் கெடுதல் செய்ய நினைத்திருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காக, வேளை தவறாமல் செய்திருக்கமாட்டாள்.

பிறகு பேச்சுப் போகத் தொடங்கியது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் பாட்டு போனது. பிறகு நீளமான வசனங்கள். பிறகு சாமான்களின் பெயர்கள். "அது", "தா", "வேணா" என்ற மூன்று சொல்லில் காலத்தைக் கழித்தாள். பாதி நேரம் அதுவும் இல்லை. பிள்ளை எதையோ கண்டு பயந்துவிட்டது என்றது சனம். கோயிலுக்குக் கொண்டுபோய் நூல் கட்டு என்றாள் சுலோஜனா. கத்தோலிக்கக்காரி நானும் கட்டினேன். பங்குச் சுவாமியிடமும் போய் மந்திரிப்பித்தேன். நேசறிக்கு அனுப்புவதை நிறுத்தினேன். ஆனால் நேசறிக்கு இலை அனுப்புவதை நிறுத்தவில்லை.

பெரியாஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த டொக்டர் சபீனா ஒருவர்தான் டினுஷாவின் கீழ் உதட்டை விலக்கிப் பல் முரசைப் பார்த்தார். பல்லோரத்தில் நீலமாக ஒரு கோடு ஓடியது. நான் அதைக் கண்டிருந்தேன், பல் விளக்குவது காணாது என்று பிள்ளைக்கு ஏசியும் இருந்தேன்.

"பிள்ளைட அப்பா என்ன தொழில்?"

"மீன்பிடி."

"மீன்பிடி மட்டுமா?"

"வலைக்கு ஈய மணியும் வார்க்கிறவர்."

டொக்டர் பேனையை வைத்தார். எங்கே வைத்து வார்க்கிறார் என்று கேட்டார். வீட்டு முற்றத்தில் என்றேன். அந்த அடுப்பை இன்றே நிறுத்தச் சொல்லிவிட்டு, பிள்ளையின் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார். முடிவு வர மூன்று கிழமை எடுத்தது. அந்த மூன்று கிழமையும் நான் கீரை கொடுத்தேன். அடுப்பைத்தானே நிறுத்தச் சொன்னார்.

முடிவு வந்த அன்று டொக்டர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். இரத்தத்தில் ஈயம் இருக்கக்கூடாத அளவில் இருக்கிறது என்றார். பிள்ளை என்ன சாப்பிடுகிறது, தண்ணீர் எங்கிருந்து, வீட்டில் பயிர் ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சுவரைச் சொன்னேன். பெட்டியைச் சொன்னேன். மண்ணைச் சொன்னேன். சாம்பலைச் சொல்லும்போது டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

"என்ட புள்ள பழையபடி பேசுவாளா டொக்டர்?"

"ஈயத்தைக் குறைக்க மருந்து இருக்கு. வார்டில வச்சுக் குடுப்பம். ஆனா மூளையைத் தாக்கினது எவ்வளவு திரும்பும் எண்டு என்னால சொல்ல ஏலாது. உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்ல."

பிறகு கேட்டார்.

"இந்தக் கீரைய வேற ஆரும் சாப்பிட்டாங்களா?"

இருபத்தொரு பிளாஸ்டிக் கோப்பைகள் வரிசையாக என் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"இல்ல டொக்டர். எங்கட வீட்டுக்கு மட்டும்தான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தரம் என்னை நானே கேட்டிருக்கிறேன். பயம் என்று சொல்லலாம். பயத்தைவிட வெட்கம்தான் பெரிது. ஒழுங்கைக்கே இலை கொடுத்த மேர்சி, சட்டம் போட்ட சான்றிதழ் மேர்சி, ஊர்ப் பிள்ளைகளுக்கு நஞ்சு ஊட்டினாள் என்று ஒரு வாய் சொல்வதைக் கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. என் பிள்ளைதான் ஆகக் கூடச் சாப்பிட்டவள், மற்றப் பிள்ளைகள் கிழமைக்கு இரண்டு கோப்பைதானே என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஜொய்சனிடம் சொன்னபோது அவன் முதலில் சிரித்தான்.

"அந்த டொக்டர்ப் புள்ளக்கு என்ன தெரியும்? எங்கட அப்பா நாப்பது வருஷம் ஈயத்தப் பல்லில கடிச்சவர். எழுவது வயசு மட்டும் கல்லுக் கணக்கா இருந்தவர்."

"உன்ட அப்பா கடிச்சது. இவள் தின்டவள்" என்றேன்.

அவன் போய் அடுப்புக் கல்லின் மேல் உட்கார்ந்தான். எழும்பியபோது சுவரில் இருந்த பெட்டிகளைக் கழற்றத் தொடங்கினான். சுகாதாரப் பரிசோதகர் வருவார் என்று டொக்டர் சொல்லியிருந்தார், வருமுன் சுவர் வெறுமையாக வேண்டும் என்பதுதான் அவன் யோசனை.

"ஆரும் கேட்டா பூச்சி விழுந்திட்டுதெண்டு சொல்லு. வேற ஒரு கதையும் கதைக்காத. ஈயம் எண்டு தெரிஞ்சா இருவது வீட்டுச் சனமும் வாசலில வந்து நிக்கும்."

சுலோஜனா கேட்டாள். பூச்சி விழுந்துவிட்டது என்று சொன்னேன். "ஐயோ, பச்சப் பசேலெண்டு நிக்கிதே, ஒரு இலையிலயும் ஒரு ஓட்டையக் காணல்லியே" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். வேரில் பூச்சி என்றேன். ஜொய்சன் எல்லாப் பெட்டிகளையும் மண்ணும் செடியுமாக ஒழுங்கை முனையில் குப்பை ட்ராக்டர் வரும் இடத்தில் அடுக்கிவிட்டு வந்தான். நேசறிக்கு ஆள் அனுப்பி, இனிமேல் இலை இல்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாள் பிள்ளையோடு வார்டுக்குப் போனேன்.

பத்தொன்பது நாள் வார்டில் கிடந்தோம். பரிசோதகர் வந்து வெறும் சுவரைப் பார்த்துவிட்டுப் போனார் என்று ஜொய்சன் சொன்னான். மாத்திரையைப் பொடியாக்கிச் சீனித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். ஈயம் இறங்கியது. டினுஷா இரவில் வீரிட்டு அழுவது நின்றது. முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஓடியது. பேச்சு வரவில்லை. வரும், வரும் என்று ஒவ்வொரு விடியற்காலையும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த அன்று ஓட்டோ ஒழுங்கைக்குள் திரும்பியதும் நான் முதலில் கண்டது சுலோஜனாவின் மதில். மதிலில் என் பெட்டிகள். மூன்று வரிசை. அதே வல்லாரை, அதே பசளி. அதற்கடுத்த வீட்டு யன்னலுக்குக் கீழே இரண்டு பெட்டி. மூலை வீட்டில் நாலு. கிணற்றடி வேலியில் ஒன்று. ஜொய்சன் தினமும் இதையெல்லாம் தாண்டித்தான் போய்வந்தான், என்னிடம் மூச்சு விடவில்லை. நான் வார்டில் என் பிள்ளையின் இரத்தத்தில் இருந்து ஈயத்தை இறக்கிக்கொண்டிருந்த நேரம், என் பொய் ஒழுங்கை முழுவதும் தளிர் விட்டிருந்தது.

நல்ல பெட்டி, நல்ல மண், நல்ல செடி, பூச்சி வேரில்தானே, சாம்பலைப் போட்டால் சரியாகிவிடும். ட்ராக்டர் வரும்வரை விட்டுவைக்க அவர்களுக்கு என்ன பைத்தியமா? நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன்.

பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு நேராகச் சுலோஜனாவிடம் போனேன்.

"சுலோ, அந்தப் பெட்டியில விளையிறதச் சாப்பிடாத. கழட்டி எறி."

"ஏன்கா? பூச்சியெல்லாம் இப்ப இல்ல."

"பூச்சி இல்ல. நான் பொய் சொன்ன. அது பற்றரிப் பெட்டி. ஈயம் இரிக்கி அதுக்குள்ள. என்ட புள்ளக்கு வந்தது அதாலதான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வருவதைக் கண்டேன்.

"ஒன்றரை வருஷம் நீ வளத்த நேரம் ஈயம் இருக்கல்ல. பரிசு வாங்கின நேரம் இருக்கல்ல. எங்கட சுவரில தளச்ச உடன ஈயம் வந்திட்டா? உன்ட புள்ளக்குச் சுகமில்லாதது எங்களுக்கும் கவலதான் மேர்சி. அதுக்காக எங்கட வீட்டுப் பச்சையக் கண்டு நீ வயிறெரியப்படா."

இத்தனை நாள் பொய் சொன்ன வாயிலிருந்து உண்மை வந்தால் அதற்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்? அடுத்த நாள் பார்த்தால் அவள் மதிலில் என் பெட்டிகளுக்கு நடுவில் செத்தல் மிளகாயும் தேசிக்காயும் கோர்த்துத் தொங்குகிறது. என் கண்ணூறு படாமல் இருக்க.

மற்ற வீடுகளுக்கும் போனேன். ஒருத்தி கதவைத் திறக்கவில்லை. இன்னொருத்தி சரி சரி என்று தலையாட்டிவிட்டு, நான் படலை தாண்டுமுன் தண்ணீர் ஊற்றினாள். மூலை வீட்டில்தான் கேள்விப்பட்டேன், திங்கட்கிழமை நேசறிக் கஞ்சிக்குச் சுலோஜனாவின் சுவரில் இருந்து இலை போகிறதாம். மேர்சி விட்ட முறையை இனி சுலோஜனா எடுத்திருக்கிறாளாம்.

ஞாயிற்றுக்கிழமை ஜொய்சனிடம் சொன்னேன், நீயும் வா, ஆம்பிளை சொன்னால் கேட்பார்கள், வார்த்தவன் நீதானே என்று.

"நான் போய் என்னெண்டு சொல்லுற? ஊர்ப் புள்ளயளுக்கு நஞ்சு வச்சவன் நான்தான் எண்டு சொல்லச் சொல்லுறியா?"

"ஓம். அதத்தான்."

திங்கள் விடிய அவன் வலையைத் தூக்கிக்கொண்டு தோணிக்குப் போய்விட்டான். அவனை நான் குறை சொல்லவில்லை. சொல்கிறேன், ஏன் சொல்லக்கூடாது? குறைதான்.

டினுஷாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேசறிக்குப் போனேன். கஞ்சி ஊற்றும் வேளை. பிள்ளைகள் பாயில் வட்டமாக இருந்தார்கள், ஒவ்வொருவருக்கு முன்னாலும் கோப்பை. அம்மாமார் ஏழெட்டுப் பேர் சுவரோரம் நின்றார்கள். விதுர்ஷா ரீச்சர் பானையைத் திறந்து அகப்பையைப் போட்டாள். பச்சை மணம் அடித்தது. அந்த மணம் எனக்குப் பிடித்த மணம்.

"ரீச்சர், ஊத்தாதங்க. அதுல ஈயம் இரிக்கி."

"திரும்பத் தொடங்கிட்டாள்" என்றாள் சுலோஜனா.

ரீச்சர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முதல் கோப்பையில் ஊற்றினாள். நான் பிள்ளையை வாங்குப் பலகையில் இருத்திவிட்டுப் போய், சேலைத் தலைப்பால் பானையைப் பிடித்துத் தூக்கி, வாசலுக்கு வெளியே வேலியடியில் கவிழ்த்தேன். திரும்பி வந்து ஊற்றியிருந்த அந்த ஒரு கோப்பையையும் எடுத்துக் கொட்டினேன். ஒரு பிள்ளை அழுதது. அடுத்த கணம் சுலோஜனா என் தலைமயிரைப் பிடித்துவிட்டாள்.

"புள்ளயள்ற வாய்ச்சோத்தத் தட்டிக் கொட்டுறியே, நீயும் ஒரு தாயா?"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பொறாமைக்காரி, விசரி, பரிசு போன வயித்தெரிச்சல். சட்டைக்குள் செருகி வைத்திருந்த இரத்தப் பரிசோதனைக் கடுதாசியை எடுத்து ரீச்சரிடம் கொடுத்தேன். ரீச்சர் வாசித்தாள். எல்லாம் ஆங்கிலம், இலக்கங்கள். "ஈயம் எண்டுதான் போட்டிரிக்கி" என்று மெல்லச் சொன்னாள். ஒருவருக்கும் கேட்கவில்லை, கேட்டவர்களும் கேட்டதாகக் காட்டவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. வேறு வழி தெரியவில்லை. சுலோஜனாவின் பிடியோடே போய் டினுஷாவைத் தூக்கி நடுவில் நிறுத்தினேன். கலைவிழாவில் அவளுக்குக் கை தட்டிய அதே பெண்கள். மாதக்கணக்காக நான் அவளை இவர்களின் கண்ணில் காட்டவில்லை.

"டினுஷா. உன்ட பேர் என்ன மகள்? மாமியாக்களுக்குச் சொல்லு. உன்ட பேரச் சொல்லு."

பிள்ளை என் வாயைப் பார்த்தாள். தன் வாயைத் திறந்தாள். உள்ளே எதையோ தேடுகிறாள் என்று தெரிந்தது. நெற்றி சுருங்கியது. நான் திரும்பக் கேட்டேன். "ஆ" என்று ஒரு சத்தம் வந்தது, அதோடு நின்றது. அவளுக்கே அது போதாது என்று விளங்கியிருக்க வேண்டும். அழத் தொடங்கினாள். அழும்போதும் அம்மா என்று வரவில்லை.

சுலோஜனாவின் கை என் தலைமயிரில் இருந்து தானாக விழுந்தது. பிறகு அவள் பாயடிக்குப் போய்த் தன் மகளின் முன்னால் குந்தினாள்.

"தக்சிகா, உன்ட பேர் என்ன?"

"தக்சிகா!" அந்தப் பிள்ளை, தெரிந்த கேள்வியை ஏன் கேட்கிறாள் என்று சிரித்தது.

மற்ற அம்மாமாரும் போனார்கள். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் முகத்தைக் கையில் ஏந்தி, உன் பெயர் என்ன, உன் பெயர் என்ன என்று கேட்டார்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஒன்றை ஒன்று முந்திக் கத்திப் பெயர் சொன்னார்கள். தாய் வராத பிள்ளைகளை ரீச்சர் கேட்டாள். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒவ்வொரு பெயரும் என் கன்னத்தில் விழுந்தது. சுலோஜனா சொன்ன பொறாமை அன்று என்னிடம் இருக்கவில்லை. இன்று வந்திருந்தது.

ஒரு பிள்ளை மட்டும் சொல்லவில்லை. மூலை வீட்டுக்காரியின் சின்ன மகள். தாய் ஒரு தரம் கேட்டாள், இரண்டு தரம் கேட்டாள். பிள்ளை விரலை வாயில் வைத்துக்கொண்டு தாயையே பார்த்தது. மூன்றாம் தரம் கேட்கும்போது அவள் பிள்ளையின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

பிறகு அந்தப் பிள்ளை விரலை எடுத்துவிட்டு, வெட்கத்தோடு தன் பெயரைச் சொன்னது. எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். பிள்ளைகள் எல்லோரையும் ரீச்சர் அன்றே டொக்டர் சபீனாவிடம் கூட்டிப் போனாள். ஒழுங்கையில் இப்போது ஒரு பெட்டியும் இல்லை. எங்களோடு பேசுவாரும் இல்லை.

ஆனால் அந்தப் பிள்ளை பெயர் சொல்லாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில், எனக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். பொய் சொன்னதையும் நஞ்சு ஊட்டியதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். இதை இன்னும் சொல்லவில்லை.